ஓப்பன்ஓசிடில சொந்தமா எழுதின கமாண்ட் மக்கர் பண்ணா எங்க பாக்கணும்

எங்க லேப்ல போர்டு டெஸ்ட் பண்றதுக்கு ஓப்பன்ஓசிடி (கம்ப்யூட்டர்ல இருந்து சிப்புக்குள்ள படிக்க, எழுத உதவுற புரோகிராம்) மேல சின்னச் சின்னதா கமாண்ட் எழுதி வெச்சிருக்கோம். ப்ளூ பில்னு சொல்ற சின்ன போர்டுல வருமே அதே எஸ்டிஎம்32எஃப்103 சிப்பு, கம்ப்யூட்டரையும் சிப்பையும் இணைக்குற எஸ்டி-லிங்க் ப்ரோப், அதுல இருந்து சிப்புக்குப் போற எஸ்டபிள்யூடி (டேட்டா, கிளாக்னு ரெண்டு கோடு) ஒயர், அவ்வளவுதான் செட்டப். புதுசா வர்ற பசங்க எழுதுறதும் சரி, நான் எழுதினதும் சரி, திரும்பத் திரும்ப அதே ஏழெட்டு இடத்துலதான் விழுது, அதனால எந்த அறிகுறிக்கு எதை முதல்ல பாக்கணும்னு வரிசையா எழுதிடுறேன், காசு செலவில்லாததுல ஆரம்பிச்சு.

கமாண்ட் பேரையெல்லாம் நாங்க வாயில சொல்ற மாதிரியே எழுதிருக்கேன். எம்டிடபிள்யூன்னா மெமரி வேர்டைக் காட்டுறது, எம்டபிள்யூடபிள்யூன்னா எழுதுறது, எம்எம்டபிள்யூன்னா முதல்ல படிச்சு, சொன்ன பிட்டை மட்டும் மாத்தித் திரும்ப எழுதுறது. அட்ரஸ் எல்லாம் ஹெக்ஸ்.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல் செக் ஒண்ணேதான். ஓப்பன்ஓசிடியை உங்க ஸ்கிரிப்ட் இல்லாம, இன்டர்ஃபேஸ் ஃபைலும் டார்கெட் ஃபைலும் மட்டும் குடுத்து ஓட விடுங்க, 4444 போர்ட்ல டெல்நெட் போட்டு உள்ள போங்க, 'ஹால்ட்' அடிங்க, அப்புறம் இ000இடி00 அட்ரஸ்ல எம்டிடபிள்யூ அடிங்க. அது சிபியூ ஐடி, எஃப்103ல 411எஃப்சி231னு வரணும். அது வந்துச்சுன்னா ஒயரும் ப்ரோப்பும் சிப்பும் அடிப்படைல சரி, அறிகுறி 3க்குப் போங்க. வரலன்னா ஸ்கிரிப்ட்டைத் தொடாதீங்க, 1லயோ 2லயோதான் விஷயம் இருக்கு.

அறிகுறி 1: ப்ரோப்பே கிடைக்கல, "ஓபன் ஃபெயில்ட்"னு வருது

யூஎஸ்பி கேபிளை மாத்துங்க, சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள் நிறைய சுத்துது. அப்புறம் வேற எதாவது ப்ரோப்பைப் பிடிச்சு வெச்சிருக்கான்னு பாருங்க, ஐடிஇ ல டீபக் செஷன் தொறந்து கிடக்கும், இல்லன்னா முன்னாடி ஓட்டின ஓப்பன்ஓசிடியே சாகாம பின்னால ஓடிட்டு இருக்கும். லினக்ஸ்ல "ஆக்சஸ்"னு முடியிற லிப்யூஎஸ்பி எரர் வந்தா அது பர்மிஷன், ஓப்பன்ஓசிடி கூடவே வர்ற 60ல ஆரம்பிக்குற யூடெவ் ரூல்ஸ் ஃபைலை காப்பி பண்ணி, ரூல்ஸை ரீலோட் பண்ணி, ப்ரோப்பைப் பிடுங்கித் திரும்ப மாட்டுங்க. தயவு செஞ்சு சூடோ போட்டு ஓட்டிப் பழகாதீங்க, அப்படி எழுதின ஸ்கிரிப்ட் அடுத்தவங்க மெஷின்ல ஓடாது.

யூஎஸ்பி லிஸ்ட்ல 0483ன்னு ஒரு ஐடியே காணோம், வேற கம்ப்யூட்டர்லயும் காணோம்னா ப்ரோப் போயிடுச்சு. மாத்திடுங்க, அதுல நேரம் போட வேண்டாம்.

அறிகுறி 2: ப்ரோப் இருக்கு, சிப்பு பேசல

"இனிட் மோட் ஃபெயில்ட்"னோ, எஸ்டபிள்யூடிக்குப் பதிலா ஜேடேக்ல ஓட்டுறவங்களுக்கு "ஆல் ஜீரோஸ்", "ஆல் ஒன்ஸ்"னோ வரும்.

முதல்ல லாக்ல "டார்கெட் வோல்டேஜ்"னு வர்ற வரியைப் படிங்க. 3.2, 3.3 பக்கம் இருக்கணும். சைபர் பக்கமா இருந்தா போர்டுக்கு பவர் இல்ல, இல்லன்னா ப்ரோப்போட வோல்டேஜ் பின் மாட்டல. அடுத்து கிரவுண்ட். பவர் தனி சப்ளைல வருதேன்னு கிரவுண்ட் ஒயரை விட்டுருவாங்க, ப்ரோப் கிரவுண்டும் போர்டு கிரவுண்டும் சேரணும். அடுத்து டேட்டாவும் கிளாக்கும் மாறியிருக்கான்னு பாருங்க, பிஏ13 டேட்டா, பிஏ14 கிளாக்.

அதுக்கப்புறமும் பேசலன்னா 'அடாப்டர் ஸ்பீட் 100' போட்டுப் பாருங்க. மெதுவா போனா பேசுது, வேகமா போனா பேசலன்னா ஒயர் நீளம்தான், சின்ன ஒயரா மாத்துங்க.

வேகம் குறைச்சும் பேசலன்னா சிப்புக்குள்ள ஓடுற புரோகிராம், அதாவது ஃபர்ம்வேர் மேல சந்தேகப்படுங்க. அது பிஏ13, பிஏ14 ஐ சாதா இன்புட்-அவுட்புட் பின்னா (ஜிபிஐஓ) மாத்தியிருக்கலாம், இல்ல தூக்கத்துக்குப் போயிருக்கலாம். பூட்0 ஜம்பரை 1க்கு மாத்தி ரீசெட் அழுத்துங்க, அப்போ உங்க ஃபர்ம்வேர் ஓடாது, சிப்புக்குள்ள இருக்குற பூட்லோடர்தான் ஓடும். இப்போ பேசுச்சுன்னா கோளாறு ஃபர்ம்வேர்லன்னு முடிவாயிடுச்சு. நிரந்தரத் தீர்வு ரீசெட் ஒயரையும் இழுத்து, 'ரீசெட்_கான்ஃபிக்' ல ரீசெட்டைப் பிடிச்சுக்கிட்டே கனெக்ட் ஆகுற ஆப்ஷனைப் போடுறதுதான். ப்ளூ பில்லோட நாலு பின் ஹெட்டர்ல ரீசெட் கிடையாது, பக்கத்து வரிசைல ஆர்னு போட்டிருக்குற பின்ல இருந்து தனியா ஒயர் எடுக்கணும்.

கடைசியா மல்டிமீட்டர். ப்ரோப்பைக் கழட்டிட்டு, பூட்0 1ல இருக்கும்போதே, போர்டுக்கு பவர் குடுத்து பிஏ13 ஐ அளங்க, உள்ள புல்-அப் இருக்கு, அதனால 3.3 பக்கமா காட்டணும். பிஏ14 ல புல்-டவுன், சைபர் பக்கம் காட்டணும். பிஏ13 சைபர்ல ஒட்டிட்டு நிக்குதுன்னா, இல்ல சிப்பு விரல் வெக்க முடியாத அளவு சுடுதுன்னா, அங்கயே நிறுத்திட்டு ரீவொர்க் (சோல்டரைப் பிரிச்சு சரி பண்றது) பண்ற ஆள்கிட்ட குடுத்துடுங்க, ஸ்கிரிப்ட்டால சரி பண்ற விஷயம் இல்ல அது.

கிளை: பேசுது, ஆனா "அன்எக்ஸ்பெக்டட் ஐடிகோட்"னு சொல்லுது. 1பிஏ01477 எதிர்பார்த்தேன், 2பிஏ01477 வந்துச்சுன்னு சொன்னா அது எஸ்டி சிப்பு இல்ல, அதே மாதிரி செஞ்ச வேற சிப்பு. 'செட் சிபியூடேப்ஐடி' னு அந்த நம்பரைக் குடுக்கலாம், ஆனா டார்கெட் ஃபைலுக்கு முன்னாடி குடுக்கணும், ஏன்னா அந்த ஃபைல் உள்ள வரும்போதே வேரியபிள் இருக்கான்னு பாத்துட்டுத்தான் டிஃபால்ட்டைப் போடுது, பின்னாடி செட் பண்ணி எந்த பிரயோஜனமும் இல்ல. லேப்ல ஓட்டுறதுக்கு இது ஓகே. கஸ்டமருக்குப் போற போர்டுன்னா ஐடியை மாத்தி வாயடைக்காதீங்க, சிப்பு வாங்குன இடத்தைக் கேளுங்க.

அறிகுறி 3: "இன்வேலிட் கமாண்ட் நேம்", "ராங் ஆர்க்ஸ்" மாதிரி உடனே விழுது

இது முழுக்க டிக்கிள் (ஸ்கிரிப்ட் எழுதுற மொழி) எழுத்துப் பிழை, செலவே இல்ல. ஓப்பன்ஓசிடிக்குள்ள இருக்குறது ஜிம் டிக்கிள்னு ஒரு சின்ன டிக்கிள், சி எழுதிப் பழகின கை இங்க மூணு இடத்துல தடுக்கும்.

ஒண்ணு, சுருள் பிராக்கெட்டை அடுத்த வரில தொறக்குறது. 'ப்ராக்' (சொந்தக் கமாண்டை உருவாக்குறது) எழுதினாலும் 'இஃப்' எழுதினாலும் தொறக்குற பிராக்கெட் அதே வரில இருக்கணும், 'எல்ஸ்' ஸும் மூடுற பிராக்கெட் பக்கத்துலயே வரணும்.

ரெண்டு, வரிக் கடைசில கமென்ட். எம்டபிள்யூடபிள்யூ எழுதிட்டு அப்படியே ஹேஷ் போட்டு விளக்கம் எழுதினா, ஹேஷும் விளக்கமும் ஆர்க்யுமென்ட்டாத்தான் போகும். நடுவுல செமிகோலன் போடுங்க, இல்ல கமென்ட்டைத் தனி வரில எழுதுங்க.

மூணாவது கண்ணுக்கே தெரியாது. ப்ராக்குக்குள்ள ஒரு வரியை கமென்ட் பண்ணி வெச்சிருப்பீங்க, அந்த வரில ஒத்தையா ஒரு சுருள் பிராக்கெட் இருக்கும், டிக்கிள் அதையும் எண்ணும், கமென்ட்னு விடாது. அப்போ எரர் அந்த வரில வராது, முப்பது வரி தள்ளி சம்பந்தமே இல்லாத இடத்துல வரும். எரர் வர்ற இடம் புரியலன்னா கமென்ட்டை எல்லாம் அழிச்சுட்டு ஓட்டிப் பாருங்க.

கிளை: நேத்து வரைக்கும் ஓடுன 'ரீசெட்' இன்னைக்கு வேற மாதிரி நடக்குது, இல்ல முடியாம சுத்துது. யாரோ சொந்தக் கமாண்டுக்கு ரீசெட்னே பேர் வெச்சிருக்காங்க. உள்ள இருக்குற கமாண்டை அது அப்படியே மூடிடும், எச்சரிக்கை வராது, அந்த ப்ராக்குக்குள்ளயே ரீசெட்டைக் கூப்பிட்டிருந்தா தன்னையே கூப்பிட்டுக்கும். எங்ககிட்ட இப்போ எல்லா சொந்தக் கமாண்டும் 'போர்டு_' னுதான் ஆரம்பிக்கும், போர்டு_ரீசெட், போர்டு_எல்ஈடி. 'ஆட்_யூசேஜ்_டெக்ஸ்ட்' டும் 'ஆட்_ஹெல்ப்_டெக்ஸ்ட்' டும் சேத்துப் போடுறோம், 'ஹெல்ப்' அடிச்சா எதெது நம்மளதுன்னு தெரியும்.

அறிகுறி 4: "இனிட்டுக்கு முன்னாடி யூஸ் பண்ணணும்", இல்ல "பின்னாடி யூஸ் பண்ணணும்"

ஓப்பன்ஓசிடிக்கு ரெண்டு கட்டம். 'இனிட்' வரைக்கும் செட்டப், டேப்பும் டார்கெட்டும் அங்கதான் உருவாக்க முடியும். இனிட்டுக்குப் பின்னாடிதான் மெமரி படிக்குறது, எழுதுறது, ஹால்ட் எல்லாம். ஃபைலை சோர்ஸ் பண்ணும்போதே எம்டபிள்யூடபிள்யூ ஓடுற மாதிரி வெறுமனே எழுதியிருந்தீங்கன்னா அதை ஒரு ப்ராக்குக்குள்ள தூக்கிப் போடுங்க. எங்க வழக்கம், ஸ்கிரிப்ட் ஃபைல் உள்ள வரும்போது எதுவும் நடக்கக் கூடாது, ப்ராக் மட்டும் உருவாகணும், ஓட வெக்கிறது கமாண்ட் லைன்ல. பழைய ஸ்கிரிப்ட் எடுத்தா 'அடாப்டர்_கேஹெச்இசட்' மாதிரி பழைய பேர் இருக்கும், அதெல்லாம் 2021ல வந்த 0.11 வெர்ஷன்லயே மாறிடுச்சு, 'அடாப்டர் ஸ்பீட்' னு மாத்திடுங்க.

அறிகுறி 5: கையால அடிச்சா ஓடுது, ஸ்கிரிப்ட்ல போட்டா ஓடல

எங்ககிட்ட ரொம்ப நேரம் தின்னது இதுதான். வரிசையா பாருங்க.

ஷெல். கமாண்ட் லைன்ல ஹைஃபன் சி போட்டு டபுள் கோட்டுக்குள்ள எழுதுறப்போ டாலர் வேரியபிளை லினக்ஸ் ஷெல் முதல்ல தின்னுடும், ஓப்பன்ஓசிடிக்கு வெறும் இடம்தான் போய்ச் சேரும். சிங்கிள் கோட் போடுங்க.

விண்டோஸ் பாத். ஃபோல்டர் பேர் டெஸ்ட், ஃபைல் பேர் நியூனு வெச்சுக்கோங்க, பேக்ஸ்லாஷ் போட்டு எழுதினா டெஸ்ட்டோட முதல் எழுத்து டேப் ஆயிடும், நியூவோட முதல் எழுத்து புது வரி ஆயிடும். "ஃபைல் கிடைக்கல"ன்னு எரர் வரும், ஃபோல்டரைத் தொறந்து பாத்தா ஃபைல் அங்கயேதான் இருக்கும், இதுல அரை நாள் போனவங்களை நான் பாத்திருக்கேன். முன்சாய்வு ஸ்லாஷ் போடுங்க, விண்டோஸ்லயும் ஓடும்.

வேரியபிள். ஃபைல்ல மேல செட் பண்ணது ப்ராக்குக்குள்ள தெரியாது, 'குளோபல்' னு சொல்லணும். டெல்நெட்ல அடிக்கும்போது நீங்க குளோபல்லயே நிக்கிறீங்க, அதனாலதான் அங்க மட்டும் ஓடுது.

ஈவென்ட் ஹேண்ட்லர், அதாவது ரீசெட் மாதிரி ஒண்ணு நடக்கும்போது தானா ஓடுற துண்டு. 'ரீசெட்-இனிட்' க்கு சுருள் பிராக்கெட்டுக்குள்ள எழுதினா உள்ள இருக்குற வேரியபிள் இப்போ நிரம்பாது, ரீசெட் நடக்குற அந்த நேரத்துலதான் நிரம்பும். ஒரே செஷன்ல ரெண்டு டார்கெட் வெச்சு, ரெண்டுக்கும் ஒரே குளோபல் வேரியபிள் பேரைப் போட்டீங்கன்னா ரெண்டு ஹேண்ட்லரும் கடைசியா வெச்ச டார்கெட்டையே போய்த் தட்டும். அங்க டபுள் கோட்ல எழுதணும், எழுதுற நேரத்துலயே மதிப்பு உள்ள போயிடும்.

ஒப்பீடு. எம்டிடபிள்யூ கண்ணால பாக்குறதுக்கு, அது குடுக்குறது ஒரு டெக்ஸ்ட் வரி, அட்ரஸ், கோலன், மதிப்பு. அதை வெட்டி ஒட்டி ஸ்கிரிப்ட் எழுதாதீங்க. 2023 ஜனவரில வந்த 0.12ல இருந்து 'ரீட்_மெமரி' இருக்கு, அட்ரஸ், எத்தனை பிட், எத்தனைன்னு குடுத்தா லிஸ்ட்டாவே திருப்பிக் குடுக்கும். வந்ததை 'ஈக்யூ' வெச்சு ஒப்பிடாதீங்க, அது எழுத்தை ஒப்பிடும், ஹெக்ஸ் 10ம் ஹெக்ஸ் 00000010ம் அதுக்கு வேற வேற. ரெண்டு சமக்குறி போடுங்க, எண்ணா ஒப்பிடும்.

வெளியீடு. 'புட்ஸ்' போட்டா ஓப்பன்ஓசிடி ஓடுற டெர்மினல்லதான் வரும், டெல்நெட்லயோ ஜிடிபி டீபக்கரோட மானிட்டர்லயோ இருக்குறவங்களுக்குத் தெரியாது. 'எக்கோ' போடுங்க. கமாண்ட் ஓடவே இல்லன்னு நினைச்சுத் தேடின பாதி நேரம், அது ஓடிட்டு வேற விண்டோல பேசிட்டு இருந்துச்சு.

அறிகுறி 6: எழுதினேன், எரர் இல்ல, திரும்பப் படிச்சா சைபர்

பிசி13 எல்ஈடியை எரிய வெக்கிற கமாண்டை எடுத்துக்கோங்க. 40011004ல பின் மோட் எழுதுவீங்க, எரர் வராது, திரும்பப் படிச்சா எல்லாம் சைபர். ரீசெட்டுக்கு அப்புறம் அந்த ரெஜிஸ்டர் 44444444னு இருக்க வேண்டியது, அதுவும் சைபர்னா அந்தப் போர்ட்டுக்கு கிளாக்கே போகலன்னு அர்த்தம். 40021018ல 4வது பிட்டை ஏத்துங்க, அதாவது எம்எம்டபிள்யூல ஹெக்ஸ் 10 செட், கிளியர் 0. இங்க எம்டபிள்யூடபிள்யூ போட்டா எல்ஈடி எரியும், ஆனா யூஆர்ட் கிளாக்கும் மத்த போர்ட் கிளாக்கும் சேந்து அணைஞ்சிடும், அப்புறம் சம்பந்தமில்லாத இன்னொரு டெஸ்ட் விழும், அதைத் தேடிப் போவீங்க.

கிளாக் இருக்கு, இன்னும் மாறலன்னா ஆர்டர், சில ரெஜிஸ்டருக்கு முதல்ல சாவி எழுதணும். ஃப்ளாஷ் கண்ட்ரோலருக்கு 40022004ல 45670123, அப்புறம் சிடிஇஎஃப்89ஏபி, இந்த வரிசைல. வரிசை தப்பினா அடுத்த ரீசெட் வரைக்கும் பூட்டிக்கும்.

ரெஜிஸ்டர் எல்லாம் சரியா மாறுது, எல்ஈடி மட்டும் எரியலயா? ப்ளூ பில்ல அந்த எல்ஈடி 0 எழுதினாத்தான் எரியும். அதுவும் பண்ணியாச்சுன்னா பின்ல மீட்டர் வெச்சுப் பாருங்க. வோல்டேஜ் மாறுதுன்னா எல்ஈடியோ சோல்டரோ போயிருக்கு, மாறலன்னா பின் செத்திருக்கு, ரெண்டுக்கும் ரீவொர்க் ஆள்தான்.

அறிகுறி 7: ஒரு தடவை ஓடுது, ஒரு தடவை ஓடல

'ரீசெட் ரன்' அடிச்ச அடுத்த வரிலயே மெமரி படிக்குறீங்களான்னு பாருங்க. ஃபர்ம்வேர் இன்னும் எழுந்திருக்கவே இல்ல. 'ஸ்லீப் 200' போட்டா ஓடுற மாதிரி தெரியும், ஆனா அது உங்க மேசைல இருக்குற போர்டுக்குத்தான், குளிர்ல வேற போர்டுல பத்தாது. காத்திருக்குறதுக்குக் காரணம் ஒண்ணு இருக்கும்ல, அந்தக் காரணத்தையே கேளுங்க. வெளி கிறிஸ்டல் தயாரான்னு தெரியணும்னா 40021000ல 17வது பிட்டை பத்து மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை படிங்க, அம்பது தடவை பாத்தும் ஏறலன்னா எரர் போட்டு நில்லுங்க. அப்படி நின்ன போர்டு எல்லாம் எங்களுக்கு கிறிஸ்டல் பக்கத்து சோல்டர்லதான் போய் முடிஞ்சிருக்கு, அதை ஹார்டுவேர் ஆள்தான் பாக்கணும்.

ஹால்ட் பண்ணி வெச்சிருக்கும்போது தானா ரீசெட் ஆகுதுன்னா வாட்ச்டாக், அதாவது ஃபர்ம்வேர் நேரத்துக்குப் பதில் சொல்லலன்னா சிப்பை ரீசெட் பண்ற டைமர். இ0042004ல 8, 9 பிட் ஏத்தினா சிப்பு நிக்கும்போது வாட்ச்டாக்கும் நிக்கும். எஃப்1 டார்கெட் ஃபைல் இதை ஏற்கனவே பண்ணுது, நீங்க சொந்தமா டார்கெட் ஃபைல் எழுதியிருந்தா விட்டிருப்பீங்க.

இது ரெண்டும் இல்ல, மோட்டர் ஓடும்போது மட்டும், ரிலே தட்டும்போது மட்டும் விழுதுன்னா ஸ்கிரிப்ட்ல ரீட்ரை போட்டு மூடாதீங்க. அது கிரவுண்ட் பிரச்சனை, ஆஸிலோஸ்கோப் வெச்சிருக்குறவங்களைக் கூப்பிடுங்க.

அறிகுறி 8: பாஸ்னு வருது, போர்டு வேலை செய்யல

இதை நான் கடைசில வெச்சிருக்கேன், ஆனா எனக்கு ரொம்ப மனசு உறுத்துறது இதுதான், ஏன்னா மத்ததெல்லாம் கத்தும், இது கத்தாது.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் பன்னெண்டு போர்டு வரிசையா பாஸ் ஆச்சு. பதிமூணாவதுல ஜிக்ல (போர்டைப் பொருத்தி டெஸ்ட் பண்ற சட்டம்) இருந்த பையன், அண்ணா எல்ஈடி மினுக்கவே இல்லண்ணா, ஆனா பாஸ்னு சொல்லுதுன்னு கூப்பிட்டான். போய்ப் பாத்தா எஸ்டபிள்யூடி கேபிள் ஜிக்ல இருந்து பாதி கழண்டு தொங்குது. பன்னெண்டு போர்டையும் அது தொட்டே பாக்கல. ஸ்கிரிப்ட்டைத் தொறந்தா முதல் வரில ரிசல்ட்டுக்கு 1னு வெச்சிருக்கு, அப்புறம் ஒவ்வொரு செக்கும் 'கேட்ச்' க்குள்ள, எரர் வந்தா கேட்ச் முழுங்கிடுது, ரிசல்ட்டை 0 ஆக்குற வரிக்கு யாருமே வந்து சேரல. அந்த ஸ்கிரிப்ட் நான் எழுதினது. பன்னெண்டையும் திரும்ப ஓட்டினோம், ரெண்டு ஃபெயில்.

அதனால செக் பண்ண வேண்டியது இதெல்லாம். ரிசல்ட் வேரியபிள் ஃபெயில்ல ஆரம்பிக்கணும், எல்லாம் முடிஞ்சு கடைசி வரிலதான் பாஸ் ஆகணும். கேட்ச் எங்கெங்க இருக்குன்னு தேடுங்க, ஒவ்வொண்ணும் பிடிச்ச மெசேஜை எக்கோ பண்ணிட்டு 'ஷட்டவுன் எரர்' அடிக்குதான்னு பாருங்க, வெறும் ஷட்டவுன் அடிச்சா வெளில ஜிக்கை ஓட்டுற புரோகிராமுக்கு எல்லாம் நல்லா முடிஞ்ச மாதிரிதான் தெரியும். ஒவ்வொரு கமாண்டும் எழுதினதைத் திரும்பப் படிச்சு ஒப்பிடணும். எரர் மெசேஜ்ல அட்ரஸ், எதிர்பார்த்தது, வந்தது மூணும் இருக்கணும். எங்களுது இப்படி வரும்: "போர்டு_எல்ஈடி: 40011010ல எழுதினேன், 40011008ல 13வது பிட் 1 வரணும், 0 வந்துச்சு". ராத்திரி ஷிஃப்ட்ல இருக்குறவன் என்னைக் கூப்பிடாமலே மீட்டரை எந்தப் பின்ல வெக்கணும்னு அவனுக்கே தெரிஞ்சிடும்.

இன்னொரு செக், வாரத்துக்கு ஒரு தடவையாச்சும் பண்ணுங்க: கேபிளை வேணும்னே பிடுங்கிட்டு டெஸ்ட்டை ஓட்டுங்க. பாஸ்னு வந்தா அன்னைக்கு லைனை நிறுத்துங்க.

கிளை: ஃப்ளாஷ் பண்ணது பாஸ், ஆனா பழைய ஃபர்ம்வேரே ஓடுது. 'ப்ரோக்ராம்' கமாண்ட்ல 'வெரிஃபை' போட்டிருக்கான்னு பாருங்க, "வெரிஃபைட் ஓகே" வரணும். பைனரி (.bin) ஃபைலா இருந்தா 08000000 அட்ரஸைக் கையோட குடுங்க, எல்ஃப் (.elf) ஃபைல்ல அட்ரஸ் உள்ளயே இருக்கும், பைனரில இருக்காது. கடைசில 'ரீசெட்' டும் போடுங்க, இல்லன்னா புதுசு எழுதியிருந்தாலும் ஓடாது. பூட்0 ஜம்பரை 1ல விட்டுட்டு வந்திருக்கீங்களான்னும் ஒரு தடவை பாத்துக்கோங்க.

எழுதவே விட மாட்டேங்குது, புரொடெக்ட் ஆயிருக்குன்னு சொன்னா 'எஸ்டிஎம்32எஃப்1எக்ஸ் அன்லாக் 0' இருக்கு, ஆனா அதை ஸ்கிரிப்ட்ல தானா ஓடுற மாதிரி மட்டும் வெக்காதீங்க. படிக்க விடாம பூட்டின சிப்பை அன்லாக் பண்ணா ஃப்ளாஷ் மொத்தமும் அழிஞ்சிடும். கஸ்டமர்கிட்ட இருந்து ரிப்பேருக்கு வந்த போர்டுன்னா உள்ள காலிபரேஷன் மதிப்பு இருக்கலாம், திரும்ப எடுக்க வழியே இல்ல. கையை எடுத்துட்டு, அந்த போர்டைச் செஞ்சவங்களுக்கு போன் போடுங்க, அவங்க சரின்னு சொன்னதுக்கு அப்புறம் கையால அடிங்க.